மூன்று எண்ணுவதற்குள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தச் சுவர் நான்தான்.

விழுந்தது ஒரே ஒரு கேள்வி. அத்தான் அக்காவிடம் கேட்டது.

"மறந்துட்டியா, இல்ல வேணும்னே விட்டியா?"

படித்த உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என் பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் போய்விட்டது. அத்தான் சினிமா இயக்குநர். அக்கா படத்தொகுப்பாளர். அவர் எடுத்ததையெல்லாம் அவள்தான் வெட்டி ஒட்டியிருக்கிறாள். இனிமேலும் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே திரைக்கு முன்னால் உட்காருவார்களா என்பது அந்தக் கேள்விக்கு அவள் சொல்லப்போகும் பதிலில் இருந்தது. எனக்கு அது தெரியும். அதனால்தான் பிஸ்கட்.

சரி, எங்கே தொடங்குவது?

முதல் முயற்சி: நீச்சல் குளத்தில் ஒரு உடல் மிதந்தது.

(இது படத்தின் தொடக்கம். என்னுடையது இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: என் அக்கா ஒரு கொலை செய்தாள்.

(என்னிடம் கதை கேட்டிருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். "முதல் வரியிலேயே வாசகர் சட்டையப் புடிச்சு உலுக்கணும்மா" என்பது அவருடைய மந்திரம். அக்கா படித்தால் அடுத்த கொலை என்னுடையது. இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முயற்சி: என் அக்காவிடம் "டீ வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இது பரவாயில்லை. இதில் போவோம்.

2

என் அக்காவிடம் "டீ வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. உங்களைப் பார்ப்பாள். டீயைப் பற்றி ஒரு முழு ஆராய்ச்சி உள்ளே நடக்கும். காலையில் குடித்தாயிற்றா, இப்போது குடித்தால் பசி போய்விடுமா, கேட்கிறவர் தனக்குப் போடும் சாக்கில் கேட்கிறாரா, உண்மையான அன்பில் கேட்கிறாரா. எல்லாம் முடிந்தபிறகு, "ம், குடு" என்பாள். அதற்குள் நீங்கள் அடுப்பை அணைத்திருப்பீர்கள்.

போனில் இன்னும் மோசம். எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று கத்தாத நாள் இல்லை. அம்மா சொல்வாள்: "இவ பொறந்தப்பவே கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான்டி அழுதா. நர்சே பயந்துட்டாங்க."

அத்தான் இவளிடம் கல்யாணத்துக்குக் கேட்டது எடிட்டிங் ஸ்டுடியோவின் மாடிப்படியில். அப்போது அவர் உதவி இயக்குநர், அவள் உதவித் தொகுப்பாளர், இரண்டு பேர் கையிலும் அடுத்தவர்களின் சாப்பாட்டுப் பொட்டலங்கள். கேட்டார். அவள் பார்த்தாள். பேசவில்லை. லிப்ட் மேலே போனது, கீழே வந்தது. யாரோ இருமிக்கொண்டே படியேறிப் போனார். அந்த நேரத்துக்குள் அத்தான் மறுப்பைக் கேட்டு, மனதுக்குள் அழுது, தேறி, நண்பனிடம் என்ன சொல்வது என்பதுவரை முடிவுசெய்துவிட்டாராம். ஆனாலும் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அக்கா, "சரி" என்றாள்.

"பதில்கூடப் பரவாயில்ல, அந்த நேரம் இருக்கு பாரு, அதுதான் பயங்கரம். ஒரு கொலைக் கதைக்கே தாங்கும்" என்று எங்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். நாங்கள் வேடிக்கையாகத்தான் நினைத்தோம். அவர் அதை வைத்து உண்மையிலேயே ஒரு கொலைப் படம் எடுத்துவிட்டார்.

3

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஓடாத படத்தின் பெயரைச் சொல்வது, செத்துப்போனவரின் கடனைப் பேசுவதுபோல. கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நீச்சல் குளம். அங்கே பயிற்சி தருகிறவர் ஒரு மழைநாளில் செத்து மிதக்கிறார். எல்லோரும் தவறி விழுந்தார் என்கிறார்கள். நீச்சல் சொல்லித் தருகிறவர் தவறி விழுந்து சாவாரா என்று ஒரு பெண் போலீஸ் அதிகாரிக்கு மட்டும் சந்தேகம். அங்கே துண்டு துவைத்து மடித்து வைக்கும் ஒரு நடுவயதுப் பெண் இருக்கிறாள். யாரும் அவளைக் கவனிப்பதில்லை. படத்தின் நடுவில் அந்த அதிகாரி, போகிறபோக்கில், கதவருகே நின்று கேட்கிறாள்: "மழை பெஞ்ச அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

துண்டு மடிக்கும் கை நின்றுவிடுகிறது.

தண்ணீர் வடியும் சத்தம். சுவரில் மின்விசிறி. பாதி மடித்த துண்டு. யாரும் பேசவில்லை. இன்னும் பேசவில்லை. பிறகு, "வீட்லதான்."

அவ்வளவுதான் படம். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, கைரேகை கிடையாது. கடைசிக் காட்சியில் அதிகாரி அவளைக் கைதுசெய்ய வருகிறாள். "எப்படித் தெரிஞ்சுது?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். அதிகாரி சொல்கிறாள்: "அன்னிக்கு நீங்க யோசிச்சீங்க."

தொகுக்கும்போது அந்த மௌனம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் பெரிய சண்டை. அக்கா ஒரு வெட்டு எங்கே விழவேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டு, சரியான இடம் வரும்போது விரல்முட்டியால் மேசையைத் தட்டுவாள். தட்டினால் தட்டினதுதான். அன்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் தட்டினாள். அத்தானுக்கு அலுத்துப்போய், "சரி, டீ வேணுமா?" என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். "ம், குடு" என்றாள்.

அத்தான் குதித்து எழுந்தார். "இதுதான். இவ்ளோதான். இத அப்படியே வை."

ஆக, அந்தப் படத்தின் மௌனம் சரியாக என் அக்கா ஒரு டீக்கு யோசிக்கும் நேரம். இதை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

4

படம் முடிந்ததும், அதற்குப் பணம் போட்ட கம்பெனி ஒரு சோதனைக் காட்சி வைத்தது. முகம் தெரியாத ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தைப் போட்டு, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்ப்பது. வீட்டு ஆட்கள் வரக்கூடாது என்பது விதி. அக்கா யாருக்கும் தெரியாமல் அம்மாவைக் கூட்டிப் போய்விட்டாள்.

எங்கள் அம்மா கொலைப் படங்களின் பரம ரசிகை.* அவள் வாய் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும். அன்று பாப்கார்ன்.

(* அம்மாவின் முறை எளியது. படத்தில் வரும் எல்லோரையும் சந்தேகப்படுவாள். டாக்டர், வக்கீல், தோட்டக்காரர், செத்துப்போனவர். கடைசியில் யார் மாட்டினாலும், "நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்பாள். பொய்யும் இல்லை.)

அந்தக் காட்சி வந்தது. துண்டு மடிக்கும் கை நின்றது. அம்மாவின் வாயும் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் ஒரே ஒரு ஆளைச் சந்தேகப்பட்டாள். "ஐயோ, இவதான்!" என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாப்கார்ன் தொண்டைக்குள் போனது.

இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். பின்னால் இருந்தவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். நான்கு வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். திரையில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தபோது, கூட்டம் எங்கள் அம்மாவின் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரங்கின் கடைசி வரிசையில் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை.

(தன் இருமல் என்ன செய்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் கதை படிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

5

அடுத்து கம்பெனிக்காரரை உள்ளே கொண்டுவர வேண்டும். இவரிடம்தான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் இவருக்குப் பத்து விரலிலும் மோதிரம் போட்டேன். சுருட்டு கொடுத்தேன். "படம்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று உறுமவைத்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. நான் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒல்லியாக இருப்பார். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். எதைச் சொன்னாலும், "பிரமாதம்ங்க, ஆனா..." என்று இழுப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ஆனா.

ஆனா படத்தைக் கெடுக்க வந்தவர் இல்லை. காப்பாற்ற வந்தவர். இதுதான் இந்தக் கதையில் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் எழுதுகிறவளுக்கு எவ்வளவு வசதி!

சோதனைக் காட்சிக்கு மறுநாள் அத்தானையும் அக்காவையும் கூப்பிட்டார். டீ வரவழைத்தார்.

"படம் பிரமாதம்ங்க. எனக்குத் தனிப்பட்ட முறையில உயிரு. ஆனா... அந்தத் துண்டு சீன்ல ஜனங்க நெளியுறாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"அது ஒருத்தருக்கு இருமல் வந்துச்சுங்க" என்றார் அத்தான்.

"ஒருத்தருக்கு இருமல் வந்துச்சு. நாலு வரிசை ஏன் திரும்புச்சு? படம் அவங்கள இழுத்துப் புடிச்சு வச்சிருந்தா திரும்பியிருப்பாங்களா?"

இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்லவேண்டுமானால் அது யாருடைய இருமல் என்று சொல்லவேண்டும். அக்கா வாயைத் திறந்தாள். யோசித்தாள். அதற்குள் ஆனா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஆனாவின் விதி அன்றுதான் பிறந்தது. படத்தில் எங்கேயும், மூன்று எண்ணுவதற்குள் யாராவது பேசவேண்டும். இல்லையென்றால் ஏதாவது வெடிக்கவேண்டும், விழவேண்டும், கார் கிளம்பவேண்டும். அந்தத் துண்டுக் காட்சியின் மௌனம் கண்டிப்பாகப் போகவேண்டும். மௌனம் போனால் கடைசி வசனத்துக்கு அர்த்தம் இல்லையே என்றார் அத்தான். அதற்கும் ஆனாவிடம் வழி இருந்தது. அதிகாரி பேசும்போது அவள் முதுகு மட்டும் தெரிகிற ஷாட் ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் போட்டு, வேறு வசனத்தை டப்பிங்கில் ஒட்டிவிடலாம்: "உங்க கைரேகை கிடைச்சிருக்கு." உதடு தெரியாததால் யாருக்கும் தெரியாது.

"எனக்குப் புடிக்கிறது வேற, ஓடுறது வேறங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் ஏன் இந்த வேலைல இருக்கேன்?" என்று கண்ணாடியைத் துடைத்தார். அக்காவுக்குப் பாவமாகவும் இருந்ததாம்.

அத்தானுக்குப் பாவமாக இல்லை. மேசையில் ஓங்கி அடித்தார். டீ கொட்டியது. படத்தைவிட்டு வெளியேறவேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தின்படி படம் கம்பெனியுடையது. தொகுப்பாளர் விரும்பினால் இருக்கலாம்.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், அத்தான் சொன்னார்: "நீ இரு."

அக்கா பார்த்தாள்.

"நீயும் வந்துட்டா, என்னன்னே தெரியாத எவனோ வெட்டுவான். நீ இருந்தாலாவது என் படத்துல கொஞ்சம் மிஞ்சும். இரு."

யோசித்துவிட்டு, "சரி" என்றாள். இந்த "சரி"யைச் சொல்ல, மாடிப்படியில் சொன்ன "சரி"யைவிட அதிக நேரம் எடுத்ததாக அத்தானே ஒருநாள் சொன்னார்.

6

இந்தப் பகுதியில் அக்கா தனியாக எடிட்டிங் அறையில் உட்கார்ந்து வெட்டுகிறாள். நான் அங்கே இல்லை. அத்தானும் இல்லை. யாரும் இல்லை. எழுதிப் பார்த்தேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது. அவள் விரல்

(அவள் விரல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.)

கண்ணீர் வழிந்த

(அழுதிருக்கமாட்டாள். எங்கள் அக்கா அழுவதற்கும் யோசிப்பாள்.)

"இவர் நம்பித்தானே விட்டுட்டுப் போனார்" என்று அவள் தனக்குள்

(சே.)

எனக்குத் தெரிந்தது தொழில் சங்கதி மட்டும். ஒரு மௌனத்தை வெட்டினால் படம் குதிக்கும். கை இருந்த இடம் மாறிவிடும். குதிப்பது தெரியாமல் இருக்க நடுவில் வேறு ஒரு முகத்தை வைப்பார்கள். கேள்வி. அதிகாரியின் முகம், ஒரு கண் சிமிட்டும் நேரம். "வீட்லதான்." முடிந்தது. தையல் தெரியாது. அக்கா நல்ல தையல்காரி.

ஆனால் இப்படித் தைத்ததும் ஒன்று நடந்துவிட்டது. கேட்டவுடனே, மடித்துக்கொண்டே, பளிச்சென்று பதில் சொல்கிற ஒரு பெண் யார்? குற்றம் செய்யாதவள். வேறு எதையும் மாற்றாமல், கொஞ்சம் சும்மா இருந்த நேரத்தை எடுத்துவிட்டதிலேயே கொலைகாரி நிரபராதி ஆகிவிட்டாள்.

இதே முறையில் படம் முழுக்கச் சுருங்கியது. கதவைத் திறந்தவர்கள் மூடுவதற்கு முன்னால் தெருவில் இருந்தார்கள். மழை பெய்யத் தொடங்கும்போதே நின்றது. ஆனா பார்த்தார், "பிரமாதம்ங்க" என்றார், அன்று மட்டும் "ஆனா" என்று இழுக்கவில்லை. கைரேகை வசனம் டப்பிங் முடிந்து வந்து சேர்ந்தது. இனி அதைப் பழைய வசனத்தின் இடத்தில் வைக்கவேண்டியதுதான் பாக்கி. அதைப் பார்க்க ஆனாவுக்கு நேரம் இல்லை. வெளியீட்டு வேலைகள் தலைக்குமேல் இருந்தன. "மேடம் வச்சிடுவாங்க" என்று கிளம்பிவிட்டார். அவளைப் பற்றித் தெரிந்த யாரும் அப்படித்தான் கிளம்புவார்கள். அக்கா எதையும் மறந்தவள் இல்லை.

7

வெளியான அன்று காலைக் காட்சிக்குக் குடும்பமாகப் போனோம். அத்தான் நடுவில். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். என்னைத் தாண்டி அம்மா, பாப்கார்னோடு. மாற்றி வெட்டிய படத்தை அத்தான் அதுவரை பார்த்திருக்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று பிடிவாதம். அக்காவும் காட்டவில்லை.

இடைவேளைவரை படம் சும்மா ஓடியது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. துண்டுக் காட்சி வந்தது, போனது. அத்தான் கையை இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா மென்றுகொண்டே இருந்தாள். இருமல் வரவில்லை. எங்கள் அம்மாவின் வாயையே நிறுத்திய ஒரு காட்சி, அவள் ஒரு கை பாப்கார்ன் அள்ளுவதற்குள் கடந்துபோய்விட்டது.

"யாருடி கொன்னது? டாக்டரா?" என்றாள் என்னிடம். படத்தில் டாக்டரே இல்லை.

கடைசிக் காட்சி. அதிகாரி வந்து நிற்கிறாள். "எப்படித் தெரிஞ்சுது?" முதுகு தெரியும் ஷாட் வரும், கைரேகை என்று சொல்வாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். முதுகு வரவில்லை. முகம் வந்தது. பழைய முகம். நிதானமாகச் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க யோசிச்சீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"எப்பம்மா யோசிச்சா?"

அரங்கமே சிரித்தது. நல்ல சிரிப்பு, வயிறு குலுங்கும் சிரிப்பு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நியாயமான கேள்வி. அத்தானும் சிரித்தார். பிறகு தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஓடின. இயக்கம் என்று அவர் பெயர். தொகுப்பு என்று அவள் பெயர். அடுத்தடுத்து.

அந்த வசனம் ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் யாராவது சில்லறை தேடினால், "அன்னிக்கு நீங்க யோசிச்சீங்க" என்று கிண்டல். ஆனா போன் செய்தார். அக்காவைத் திட்டவில்லை. "எப்படிங்க இத விட்டோம்? நாம எல்லாரும் பாத்திருக்கணும்" என்றார். தானும் சேர்ந்து தவறியதாகவே நினைத்தார். நல்ல மனுஷன், முன்பே சொன்னேன்.

அத்தான் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வாரக்கணக்கில் கேட்கவில்லை. அதுவும் ஒரு மௌனம்தான். அதை வெட்ட எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

8

இப்போது சமையலறைக்குத் திரும்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா உள்ளே தூங்குகிறாள். அக்கா மேசையில் பூண்டு உரிக்கிறாள். (இரண்டாம் வரைவில் அவள் கையில் துண்டைக் கொடுத்து மடிக்கவைத்தேன். ரொம்பப் பொருத்தமாக இருந்தது. பொருத்தமாக இருந்ததாலேயே எடுத்துவிட்டேன். பூண்டுதான் உண்மை.) நான் மூலையில், பிஸ்கட்டோடு. அத்தான் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அடுத்த படத்துக்குப் பணம் போட ஒருத்தர் முன்வந்திருக்காரு. சின்னப் படம்" என்றார்.

அக்கா ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"எடிட்டர் யாருன்னு கேக்குறாரு. நாளைக்குச் சொல்லணும்."

இன்னொரு பல்.

"நான் உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கைரேகை வசனம். மறந்துட்டியா, இல்ல வேணும்னே விட்டியா?"

கை நின்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கதையை எழுதுகிறவளாக நான் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் நல்ல பதில் இல்லை. மறந்துவிட்டேன் என்றால், எதையும் மறக்காதவள் என் படத்தை மட்டும் மறந்தாளா என்று அவருக்கு வலிக்கும். வேண்டுமென்றே விட்டேன் என்றால், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டாளா என்று வலிக்கும். ஆனால் இரண்டிலும் அன்பு இருக்கவும் இடம் உண்டு. அந்த வசனத்தையும் மாற்றியிருந்தால் அங்கே ஒரு மௌனம் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். விட்டதால்தான் முகம் தெரியாத ஒருவன் பின்வரிசையிலிருந்து, எப்போது யோசித்தாள், அந்த நேரம் எங்கே போயிற்று என்று கேட்டான். ஒருவேளை யாராவது கேட்கவேண்டும் என்றுதான் அவள் விட்டாளோ என்னவோ. இல்லை, அந்த வசனத்தை எடுக்கக் கை வராமல் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டே நாள் முடிந்துவிட்டதோ. நான் அவள் தங்கை. எனக்கும் தெரியாது.

பத்திரிகை ஆசிரியரிடம் போனில் இதுவரை சொன்னேன். "அருமை. என்ன பதில் சொன்னாங்க?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப நீங்களே ஒண்ணு போட்டுடுங்க. ரெண்டு பேரையும் சேத்து வச்சிடுங்க. வாசகர்கள் பாவம்மா" என்றார். போட்டுப் பார்த்தேன்.

முடிவு அ. "மறந்துட்டேன்" என்றாள் அக்கா. அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பூண்டு வாசனை. சுபம்.

முடிவு ஆ. "வேணும்னேதான்" என்றாள் அக்கா. "நீங்கதானே கொஞ்சமாவது மிஞ்சணும்னு சொன்னீங்க? அதுதான் மிஞ்சுச்சு." அத்தான் அழுதார். சுபம்.

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனா...

(பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

நடந்தது இது. கேள்வி கேட்டார். கை நின்றது. அக்கா அவரைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். உள்ளே ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்க்கிறாள். பதில் வரும். வந்தே தீரும். அவள் ஒருபோதும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை, நேரம்தான் ஆகும்.

குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"சரி, விடு" என்று அத்தான் எழுந்துவிட்டார்.

நாற்காலி தேய்ந்த சத்தம். அவர் வாசலுக்குப் போனார், செருப்பை மாட்டினார், படியிறங்கினார். அக்கா கையில் பாதி உரித்த பூண்டு அப்படியே இருந்தது.

லிப்ட் போய்த் திரும்பும்வரை மாடிப்படியில் நின்றிருந்த மனிதர். ஒரு மௌனத்துக்காகக் கம்பெனி மேசையில் டீயைக் கொட்டியவர். தன் வீட்டுச் சமையலறையில் மூன்று எண்ணுவதற்குள் வெட்டிவிட்டார்.

9

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அனுமதி இல்லாமல் அச்சுக்குக் கொடுக்கக்கூடாது என்று எனக்கே ஒரு விதி. அத்தான் பக்கத்து அறையில் போனில் யாரிடமோ நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றுகொண்டிருந்தார். நாளை என்று சொல்லி அது மூன்றாவது நாள்.

அக்கா பென்சிலை எடுத்துக்கொண்டாள். தொழில் புத்தி. இரண்டாம் பகுதியில் ஒரு பத்தியை அடித்தாள். [அங்கே அவளுடைய பள்ளிக்கூடக் காதல் ஒன்று இருந்தது. இப்போது இல்லை.] அம்மாவின் இருமல் வந்த இடத்தில் சிரித்தாள். ஆறாம் பகுதியில், நான் பாதியில் விட்ட வரிகளுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் விரல் என்ன செய்தது என்று எழுதித் தருவாளோ என்று ஆசையாகப் பார்த்தேன். தாளைப் புரட்டிவிட்டாள்.

முடிவு அ-வையும் ஆ-வையும் படித்தாள். அடிக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. "சரி, விடு என்று அத்தான் எழுந்துவிட்டார்" என்ற வரியில் பென்சில் நின்றது. விரல்முட்டி ஒருமுறை மேசையைத் தட்டியது. அந்த வரிக்கு நேராக அடித்தாள். அதற்குக் கீழே வந்த எல்லாவற்றையும் சேர்த்து அடித்தாள். [அதை மட்டும் மேலே விட்டுவைத்திருக்கிறேன், எதை அடித்தாள் என்று உங்களுக்குத் தெரியவேண்டுமே.]

"என்னக்கா, அதுதானே நடந்துச்சு?"

அக்கா யோசித்தாள். நான் காத்திருந்தேன்.

"அவர இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வை" என்றாள்.

"நிஜத்துல எழுந்துட்டாரேக்கா."

"நிஜத்துலதான் எழுந்துட்டாரே."

அத்தான் கேட்டதற்கு என்ன பதில் என்று நான் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மூன்று எண்ணியதும் எழுந்துபோகிற புத்தி என்னிடமும் உண்டு. கேட்டுவிட்டு எழுந்துபோவதைவிட, கேட்காமல் இருப்பது மேல்.

10

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வார்த்தை: கதை இங்கே முடியவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து சுருக்காதீர்கள். வாசகருக்கு ஒரு வார்த்தை: உங்களிடம் தருவதற்கு என்னிடம் ஒரு சமையலறை மட்டும்தான் இருக்கிறது. அக்கா திருத்தியபடி தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா உள்ளே தூங்குகிறாள். அத்தான் கேட்கிறார்: "மறந்துட்டியா, இல்ல வேணும்னே விட்டியா?"

அக்காவின் கை நிற்கிறது. பாதி உரித்த பூண்டு. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. அத்தான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்கிறார்.

எழுந்திருக்கவில்லை.

நான்கு. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். அம்மா தூக்கத்தில் புரண்டு படுக்கிறாள். அத்தான் கைப்பிடியை விட்டுவிடுகிறார். அவளைப் பார்க்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிகிறது, இவர் இருப்பார் என்று.

அக்கா வாயைத் திறக்கப்போகிறாள். நேரம் ஆகும், சொல்வாள். அதுவரை நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.